விசுவாசம் யாருக்கு? வெகுமதி யார் காசில்?

“விசுவாசம்” என்றொரு சொல் இருக்கிறது. பண்ணையார் தம்முடைய ஆளிடம் எதிர்பார்த்தது அது. ஆலை முதலாளி, ஆண்டு விழா மேடையிலே மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, அரை வயிற்றுத் தொழிலாளியிடம் கேட்ட காணிக்கை அது. இராசபாளையத்து நாய்க்குப் பேரும் புகழும் தேடித் தந்த குணமும் அதுதான். 2005-ம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அந்த நாயின் படத்தைத் தபால் தலையிலேயே பொறித்துப் பெருமைப்படுத்திற்று. இப்போது அந்தச் சொல் தரையை விட்டுக் கிளம்பி ஆகாயத்தில் ஏறிவிட்டது!

விமானக் கம்பெனிகள் “வாடிக்கையாளர் விசுவாசத் திட்டம்” என்று ஒன்றை நடத்துகின்றன. “அடிக்கடி பறப்போர் திட்டம்” என்றும் அதைச் சொல்லலாம். எங்கள் விமானத்திலேயே ஏறுங்கள். ஏறும்போதெல்லாம் உங்கள் பேரில் புள்ளி எழுதி வைப்போம். புள்ளி சேர்ந்தால் ஒரு நாள் காசில்லாமல் பறக்கலாம். இன்னும் சேர்ந்தால் வெள்ளி, பொன், பிளாட்டினம் என்று பட்டம் சூட்டுவோம். தனி வரிசை உண்டு, தனி அறை உண்டு, தளதளவென்று சாய்வு நாற்காலி உண்டு — இப்படி அழைக்கிறார்கள். அழைப்பு இனிக்கிறது. கணக்குத்தான் கசக்கிறது.

பிளவக்கல் அணைக்குக் கீழே மண்வெட்டியும் கையுமாக நிற்கிற தோழர் கேட்கக்கூடும்: “ஆகாயத்தில் பறக்கிற சீமான்கள் கதை நமக்கெதற்கு? வத்திராயிருப்புக்குப் போகிற பஸ்ஸே நேரத்துக்கு வரக் காணோம்!” நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலாவது, விமானம் இன்று சீமான்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் வட்டாரத்துப் பிள்ளைகள் துபாய்க்கும் தோகாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். மதுரை விமான நிலையத்து வாயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற தாய்மார்களில் எத்தனை பேர் இராசபாளையத்தார், எத்தனை பேர் திருவில்லிபுத்தூரார் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, இந்தப் பரிசுக்கான பணத்தில் ஒரு பங்கு, விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருக்கிற நம்முடைய மடியிலிருந்தும் போகிறது. எப்படி என்று பிறகு காட்டுவோம். மூன்றாவது, விமானத்தில் பழகிய வித்தை இன்று பெட்ரோல் பங்க்கிலும், நகைக் கடையிலும், மளிகைக் கடையிலும், கைப்பேசியிலும் புகுந்துவிட்டது. வலையை முதலில் பின்னிய இடத்திலே போய்ப் பார்த்தால்தான் முடிச்சு எது, மீன் எது என்று விளங்கும்.

பிறந்த கதை

அமெரிக்காவில் 1978 வரையில் விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் சர்க்காரே வகுத்து வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. கட்டுப்பாடு தளர்ந்தது; போட்டி மூண்டது; கட்டணம் சரிந்தது. பயணிக்குக் கொண்டாட்டம், கம்பெனிக்குத் திண்டாட்டம்! எந்த விமானத்தில் ஏறினால் என்ன? அதே நாற்காலி, அதே மேகம், அதே ஊர். எவன் மலிவாகத் தருகிறானோ அவனிடம் போனார்கள் மக்கள்.

இதை எப்படித் தடுப்பது? கட்டணத்தைக் குறைத்தால் எல்லோருக்கும் குறைக்க வேண்டும். பரிசு என்று பெயர் வைத்தால் வேண்டியவருக்கு மட்டும் கொடுக்கலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற கம்பெனி 1981-ம் ஆண்டு மே முதல் நாள் தன் திட்டத்தைத் தொடங்கிற்று. பாட்டாளிகள் எட்டு மணி நேர வேலைக்காக இரத்தம் சிந்தியதை உலகம் நினைவுகூரும் அதே நாள்! சில நாட்களுக்குள்ளே யுனைடெட் கம்பெனியும் பின்தொடர்ந்தது. பிறகு, இல்லாத கம்பெனி இல்லை என்றாயிற்று.

அந்த “வேண்டியவர்” யார்? சொந்தக் காசில் டிக்கெட் எடுப்பவரா? இல்லை. கம்பெனிக் காசில் பறக்கிற அதிகாரி! டிக்கெட் வாங்குகிற பணம் முதலாளியுடையது அல்லது சர்க்காருடையது. எந்த விமானம் என்று தீர்மானிக்கிற வாய் அதிகாரியுடையது. புள்ளி விழுவதோ அதிகாரியின் சொந்தக் கணக்கில்! நான்காயிரத்துக்கு ஒரு விமானம் இருக்கையிலே, ஆறாயிரம் கொடுத்து “என்னுடைய” விமானத்தில்தான் ஏறுவேன் என்று அவர் அடம் பிடிப்பார். அந்த அடத்துக்குப் பெயர் விசுவாசமாம்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்றும் சொன்னார்கள். பணம் தருகிறவனை விட்டுவிட்டு, வாங்குவதைத் தீர்மானிக்கிறவனுக்கு மட்டும் பக்கவாட்டில் கொடுக்கிற பணத்துக்கு, ஒரு தாலுக்கா ஆபீசிலே நடந்தால் நாம் வேறு பெயர் வைப்போம்.

இது நம்முடைய கற்பனையல்ல. ஜெர்மனியில் 2002-ம் ஆண்டு பெருங்கூச்சல் கிளம்பிற்று. அரசுப் பணத்தில் பறந்து சேர்த்த புள்ளிகளைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று அரசியல்வாதிகள் சிலர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. பெர்லின் நகர அரசில் பொருளாதாரத் துறையை வகித்த கிரிகோர் கீசி பதவி விலகினார். பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் தாம் வகித்த பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. பெரிய மனிதர்களின் நாற்காலியையே ஆட்டிவிட்டன அந்தச் சின்னப் புள்ளிகள்! நம் நாட்டிலும் அரசுப் பயணத்தில் சேரும் புள்ளியை அரசுப் பயணத்துக்கே செலவிட வேண்டும் என்று மத்திய சர்க்கார் தன் ஊழியர்களுக்குச் சொல்லியிருக்கிறது. சரியான ஆணை. தனியார் கம்பெனிகளில் இதைக் கேட்பார் எத்தனை பேர்?

மடைச் சீட்டு

புள்ளி என்பது என்ன? பணமா? பணம் மாதிரி. சொத்தா? சொத்து மாதிரி. கடனா? கடன் மாதிரி. ஆனால் மூன்றும் அல்ல. இதை விளக்க நம் பிளவக்கல்லைவிட நல்ல உவமை கிடையாது.

மலையடிவாரத்தில் பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று இரண்டு நிற்கின்றன. தண்ணீர் எத்தனை அடி என்பது சுவரில் எழுதியிருக்கிறது. எவனும் பார்க்கலாம். எந்தக் கண்மாய்க்கு எப்போது திறப்பு என்பது ஊரறியப் பேசி முடிவாகிறது. நீர்ப்பாய்ச்சி ஒரு பாத்தியில் கூடுதலாகக் கால் நாழிகை விட்டால், மறு பாத்திக்காரன் வரப்பில் நின்று கேள்வி கேட்கிறான்.

இப்படி இல்லாமல், அணைக்குத் தனி முதலாளி ஒருவர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “எனக்கு வேலை செய், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டுத் தருவேன், நூறு சீட்டுக்கு ஒரு மடைத் தண்ணீர்” என்கிறார். நீங்கள் நம்பி உழைத்து எண்பது சீட்டுச் சேர்க்கிறீர்கள். அவரோ அணையில் இருக்கிற தண்ணீரைவிட அதிகமான சீட்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு காலையில் தண்டோரா போடுகிறார்: “இன்றுமுதல் ஒரு மடைக்கு இருநூறு சீட்டு!” கேட்டால், “சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறேனே, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவேன் என்று!” என்கிறார். மறுவாரம் வந்து, “இரண்டு வருஷத்துக்கு முந்திய சீட்டுச் செல்லாது” என்கிறார். அந்த ஊரில் அவர் உயிரோடு நடமாட முடியுமா?

ஆகாயத்தில் நடமாடுகிறார்! புள்ளியை அச்சடிக்கிறவரும் அவரே. அதன் மதிப்பைச் சொல்கிறவரும் அவரே. செல்லாது என்று தள்ளுகிறவரும் அவரே. மாறாமல் இருப்பது, பயணி பிடித்துக்கொண்டிருக்கிற நம்பிக்கை ஒன்றுதான். இராசபாளையத்து நாய்க்கு வீட்டுக்காரன் வைக்கிற சோறு அன்றன்றைக்குக் கிடைக்கிறது. “நேற்று வைத்த கவளத்தை இன்றுமுதல் அரைக் கவளம் என்று கணக்கிடுவோம்” என்று எந்த வீட்டுக்காரனும் நாயிடம் சொன்னதில்லை.

தொடக்கத்தில் பறந்த தூரத்துக்குப் புள்ளி என்றார்கள். பிறகு அதுவும் போயிற்று. அமெரிக்காவின் டெல்ட்டாவும் யுனைடெட்டும் 2015-லும், அமெரிக்கன் 2016-லும் செலவழித்த பணத்துக்கே புள்ளி என்று மாற்றிக்கொண்டன. இங்கே ஏர் இந்தியாவும் 2024-ம் ஆண்டில் அதே வழிக்கு வந்தது. தூரக் கணக்கை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது. அதன் பொருள் என்ன? அடிக்கடி வருகிறவனைவிட, அதிகம் கொடுக்கிறவனே வேண்டியவன்! விசுவாசம் என்ற பட்டுத் துணியை நீக்கினால் உள்ளே இருப்பது விலைச் சீட்டு.

நம் பிள்ளையின் கணக்கு

நம்முடைய பிள்ளையை இந்தக் கணக்கில் நிறுத்திப் பாருங்கள். சிங்கப்பூரில் கட்டட வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறான். ஏஜெண்டு எடுத்துக் கொடுப்பது அன்றைக்கு எது மலிவோ அந்த டிக்கெட். போகும்போது ஒரு கம்பெனி, வரும்போது வேறு கம்பெனி. மலிவு டிக்கெட்டுக்குப் புள்ளியும் மலிவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் மைல்களுக்கு ஆயுள் மூன்றாண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கிறவன் மூன்று வருஷத்துக்குள் எத்தனை சேர்ப்பான்? மலை ஏறப் பாதி வழி போவதற்குள் படிக்கட்டைக் கீழேயிருந்து உருவிக்கொண்டே வருகிறார்கள்! இருபது வருஷம் கடல் கடந்து உழைத்து, குடும்பத்தைத் தாங்கி, வீடு கட்டி, தங்கையைக் கரையேற்றிய அவன் கடைசி வரிசையில் நிற்பான். கம்பெனிக் காசில் மாதம் நான்கு தடவை டில்லி போகிறவர் முதல் வரிசையில் போவார். யாருடைய பயணம் கடினம், யாருடைய வியர்வை அதிகம் என்று அந்தத் திட்டம் கேட்பதில்லை.

பறக்காதவன் கொடுக்கிற பணம்

இனி, விமானத்தின் பக்கமே போகாதவன் எப்படிப் பணம் கொடுக்கிறான் என்பதைப் பார்ப்போம்.

புள்ளியைப் பயணிக்கு மட்டும் கொடுத்தால் கம்பெனிக்குச் செலவு. அதையே பாங்கிக்கு விற்றால் வரவு! 1987-ம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சிட்டி பாங்கும் கைகோத்து ஒரு கடன் அட்டையை வெளியிட்டன. அட்டையைத் தேய்த்துச் சாமான் வாங்கினால் விமானப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பாங்கி விமானக் கம்பெனியிடம் ரொக்கத்துக்கு வாங்கிக் கொடுக்கிறது. பாங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? வட்டியிலிருந்து ஒரு பங்கு. கடைக்காரரிடம் பிடிக்கிற கழிவிலிருந்து மற்றொரு பங்கு. கடன் அட்டையில் நூறு ரூபாய்க்கு விற்றால், ஏறத்தாழ இரண்டு ரூபாய் அளவுக்குக் கடைக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் அதைத் தம் தாலியை விற்றா கொடுப்பார்? சாமான் விலையில் ஏற்றுகிறார். அந்த விலையை அட்டை வைத்திருப்பவரும் கொடுக்கிறார். ரொக்கம் எண்ணிக் கொடுக்கிற கூலிக்காரரும் கொடுக்கிறார். புள்ளி மட்டும் ஒருவருக்குத்தான்!

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மத்திய வங்கிக் கிளையின் பொருளியலார் 2010-ம் ஆண்டில் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். ரொக்கம் கொடுக்கிற குடும்பம் ஒவ்வொன்றும், சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலரைப் பெறுகிறது. ஏழையின் பானையிலிருந்து முகந்து பணக்காரனின் அண்டாவில் ஊற்றுகிற அகப்பைக்கு அங்கே “வெகுமதி” என்று பெயர்.

நம் நாட்டில் ஒரு வேலி இருக்கிறது. 2020 சனவரி முதல் யூபிஐ வழியாகவும் ரூபே டெபிட் அட்டை வழியாகவும் செலுத்தும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கழிவு பிடிப்பதில்லை. டீக்கடையில் பத்து ரூபாய் செலுத்துகிற தொழிலாளிக்கு அது பாதுகாப்பு. அந்த வேலியைப் பிரிக்கச் சொல்லி அவ்வப்போது குரல் எழுகிறது. குரல் யாருடையது, பிரித்தால் யார் தோட்டத்தில் யார் மேய்வார்கள் என்பதைத் தோழர்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விமானத்தைவிட விலை கூடிய விசுவாசம்

2020-ல் கொள்ளைநோய் வந்தது. விமானங்கள் தரையில் நின்றன. கம்பெனிகள் கடனுக்கு அலைந்தன. அடமானமாக எதை வைத்தன? விசுவாசத்தை! யுனைடெட் கம்பெனி தன் புள்ளித் திட்டத்தை ஈடு காட்டிக் கடன் திரட்டிற்று. அந்தத் திட்டத்தின் மதிப்பு 2,190 கோடி டாலர் என்று கணித்தார்கள். விமானங்கள், கொட்டகைகள், வழித்தடங்கள் எல்லாம் சேர்த்து அந்த முழுக் கம்பெனிக்கும் அன்று பங்குச் சந்தையில் இருந்த மதிப்பு அதைவிடக் குறைவு! டெல்ட்டா தன் திட்டத்தை வைத்து 900 கோடி டாலர் திரட்டியது. அமெரிக்கன் 2021-ல் 1,000 கோடி டாலர் திரட்டியது.

விமானம் ஓட்டுவது உபதொழில். புள்ளி விற்பது முதல் தொழில் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. பயணியின் விசுவாசத்தைக் கம்பெனி சொத்தாக எழுதிக்கொள்கிறது, அடகு வைக்கிறது, கடன் வாங்குகிறது. பயணியோ அந்தப் புள்ளியை அடகு வைக்க முடியாது, விற்க முடியாது, பல திட்டங்களில் அவன் இறந்தால் பிள்ளைக்குக்கூட உரிமையாகப் போகாது. அவனிடம் இருக்கையில் காகிதம். அவர்களிடம் இருக்கையில் தங்கம்!

நம் நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1993-ம் ஆண்டு பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் கம்பெனி, தன் புள்ளித் திட்டத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தது. 2014-ல் அதில் 50.1 சதவீதப் பங்கை அபுதாபியின் எத்திகாட் கம்பெனி 15 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2019 ஏப்ரல் 17-ம் நாள் இரவோடு ஜெட் விமானங்கள் நின்றன. விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. ஆயிரமாயிரம் ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் அந்தப் புள்ளித் திட்டம் சாகவில்லை! அதே ஆண்டு நவம்பரில் “இன்டர்மைல்ஸ்” என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டது. விமானமே இல்லாத விமான விசுவாசம்! 2024 நவம்பர் 7-ம் நாள் உச்ச நீதிமன்றம் ஜெட் கம்பெனியைக் கலைத்துச் சொத்துகளை விற்க ஆணையிட்டது. இருபத்தைந்து வருஷம் அந்த விமானங்களைத் துடைத்து, ஓட்டி, பழுது பார்த்த கைகளின் விசுவாசத்துக்கு என்ன விலை கிடைத்தது? வாடிக்கையாளரின் விசுவாசம் பதினைந்து கோடி டாலர் ஈட்டியது. உழைப்பாளியின் விசுவாசம் நீதிமன்ற வாசலில் வரிசையில் நின்றது.

கிங்ஃபிஷர் கதை இன்னும் சுருக்கம். 2012 அக்டோபரில் அதன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊழியரின் சம்பளமும் நின்றது. பயணிகள் சேர்த்த புள்ளியும் காற்றோடு போயிற்று.

குறை சொன்னால் கதவு

“நாங்கள் விசுவாசமான வாடிக்கையாளரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம்” என்பார்கள். எதுவரை? வாய் திறக்காத வரை! அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் கம்பெனியின் உயர்ந்த பட்டம் பெற்ற பயணி ஒருவர். யூத சமயக் குரு. ஓயாமல் பறந்தவர். பெட்டி தாமதம், விமானம் தாமதம் என்று அடிக்கடி குறை சொன்னார். அளவுக்கு மீறிக் குறை சொல்கிறார் என்று காரணம் காட்டி, 2008-ல் அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கிற்று கம்பெனி. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 ஏப்ரலில் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகக் கம்பெனி பக்கமே தீர்ப்பளித்தனர். நீக்கும் அதிகாரத்தைக் கம்பெனி தன் விருப்பத்துக்கே விட்டு விதி எழுதி வைத்திருந்தது. அதில் நன்னம்பிக்கை பார்த்து நீதி கேட்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை என்றாகிவிட்டது. பட்டம் பிளாட்டினம்; உரிமை பூச்சியம்!

நம் ஊரில் 2025 டிசம்பரில் நடந்ததையும் மறக்க முடியுமா? உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவரை ஏற்றிச் செல்கிற இண்டிகோ கம்பெனி, விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய பணிநேர விதிக்குத் தக்கபடி ஆட்களை ஆயத்தம் செய்யாமல் தடுமாறிற்று. டிசம்பர் 5-ம் நாள் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்குப் போனவர், சாவுக்குப் போனவர், வேலைத் தேர்வுக்குப் போனவர் எல்லோரும் விமான நிலையத் தரையில் படுத்தார்கள். அந்தக் கம்பெனிக்கும் 2024-ல் தொடங்கிய புள்ளித் திட்டம் உண்டு. அந்தத் தரையில் புள்ளி யாருக்குத் தலையணையாயிற்று? மீண்டும் அதே விமானத்தில் ஏறுகிறார்களே, அது விசுவாசமல்லவா என்று கேட்காதீர்கள். இருப்பது ஒரே கடை என்றால், அங்கே நிற்கிற கூட்டத்துக்கு வேறு வழியின்மை என்று பெயர்.

“உன்னை யார் சேரச் சொன்னார்கள்? இலவசமாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு குறை சொல்வதா?” என்று கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்கிறோம்: சொந்தக் காசில் பறந்து, புள்ளியைப் பயன்படுத்தி, ஒருமுறை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்த்து வந்தவர் இருக்கிறார், அவருடைய மகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. அதை இலவசம் என்று சொல்லாதீர்கள் என்பதுதான் நம் வாதம். முன்கூட்டி வாங்கிய விலையில் ஒரு பகுதியைப் பின்னால் திருப்பித் தருவதாகச் சொன்ன வாக்கு அது. வாக்கு என்றால் கட்டுப்பாடு வேண்டும். கொடுத்தவனே மாற்றலாம் என்றால் அது வாக்கல்ல, வலை.

சலுகை வேறு, உரிமை வேறு

தோழர்களே, இந்த விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சலுகை வேறு, உரிமை வேறு. சலுகையைக் கொடுத்தவன் பிடுங்கலாம். உரிமையைப் பிடுங்கினால் கேட்கச் சட்டம் இருக்கிறது.

ஆலைத் தொழிலாளியும் ஒரு காலத்தில் முதலாளியின் தயவைத்தான் நம்பியிருந்தான். முப்பது வருஷ விசுவாசத்துக்கு ஒரு வேட்டி துண்டு கிடைத்தால் உண்டு. தொழிலாளி சங்கம் கண்டான், போராடினான், சிறை சென்றான். 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தது 8.33 சதவீதம் என்று இன்று அதில் கணக்கு நிற்கிறது. 1972-ல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்று வகுத்தது. சட்டப் புத்தகத்தின் அட்டை மாறினாலும் அந்தக் கணக்கு மாறவில்லை. “இன்றுமுதல் பதினைந்து நாள் என்பது ஏழரை நாள்” என்று இராசபாளையத்து ஆலை எதுவும் தண்டோரா போட முடியாது. அதுவும் நீண்ட நாள் உறவுக்குக் கிடைக்கிற வெகுமதிதான். ஆனால் அதன் சாவி சட்டத்தின் கையில் இருக்கிறது.

வாடிக்கையாளருக்கும் அப்படியொரு வழி உண்டா? உண்டு, அது விமானம் பிறப்பதற்கு முன்பே பிறந்தது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவாளர் ஊரில், 1844 டிசம்பர் 21-ம் நாள், 28 பேர் உறுப்பினராகச் சேர்ந்த சங்கம் ஒரு சிறு கடையைத் திறந்தது. யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்கு இலாபத்தில் பங்கு என்று விதி செய்தார்கள். வாங்குகிறவனே கடைக்குச் சொந்தக்காரன். ஆளுக்கு ஓர் ஓட்டு. கணக்கு எல்லோர் கண்முன். அந்த வழியைப் பார்த்து நம் சென்னையில் 1904-ம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. வாங்கியதற்குத் தக்க பங்கு என்கிற இந்தக் கணக்கைத்தான் விமானக் கம்பெனி பிற்காலத்தில் புள்ளியாக்கிக்கொண்டது. பங்கை மட்டும் எடுத்துக்கொண்டது; ஓட்டையும் கணக்கையும் ஒளித்து வைத்துவிட்டது!

தொலைவுக்குப் போவானேன்? திருவில்லிபுத்தூரில் பால் கூட்டுறவுச் சங்கம் பால்கோவா கிண்டுகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா அது. மாட்டைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் வருகிற அம்மாள் அங்கே உறுப்பினர். அளவு குறைந்தால் கேட்கலாம். விலை குறைந்தால் கூட்டத்தில் எழுந்து பேசலாம். குறை சொன்னதற்காக “உன் பால் வேண்டாம், போ” என்று சொல்லிவிட முடியாது. சங்கங்களில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. குறையைக் கேட்க ஒரு கதவு அங்கே சட்டத்தால் திறந்திருக்கிறது என்கிறோம்.

நாம் கேட்பது

பயணத்திலும் அந்தக் கதவு திறக்கப்பட வேண்டும். விமானம் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், உரிய நேரத்தில் தெரிவிக்காவிட்டால் பத்தாயிரம் ரூபாய் வரையில் இழப்பீடு தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் விதி வைத்திருக்கிறது. அந்த விதி பொன் பட்டக்காரருக்கும் பொருந்தும். ஆயுளில் முதல் தடவையாக ஏறுகிற கூமாபட்டிக்காரருக்கும் பொருந்தும். அதுவே உரிமை. ஒரு கம்பெனி தருகிற பட்டத்தைவிட, தெரிந்து வைத்திருக்கிற ஒரு விதி நம் பிள்ளைக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

புள்ளிக்கும் அப்படிச் சட்டம் வேண்டும். விற்ற புள்ளி கடன் என்று ஒப்புக்கொள். மதிப்பை மாற்றுவதானால் ஓராண்டு முன்னதாக அறிவி; முன்பு சேர்த்ததைப் பழைய மதிப்பிலேயே செலவிட விடு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பறக்கிற உழைப்பாளியின் புள்ளியைக் காலாவதி என்று விழுங்காதே. கம்பெனிப் பணத்தில் பறந்தால் புள்ளி பணம் கொடுத்தவனுக்கே சேரட்டும். கம்பெனி கவிழ்ந்தால், புள்ளித் திட்டத்தை விற்ற பணத்தில் முதல் பங்கு சம்பளம் பெறாத ஊழியனுக்குப் போகட்டும். அமெரிக்காவிலேயே 2024 செப்டம்பரில் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய கம்பெனிகளின் திட்டங்களைப் பற்றி விசாரணை தொடங்கிக் கணக்குக் கேட்டது. அங்கே கேட்டதை இங்கே கேட்க ஏன் கூச்சம்?

கடல் கடந்து போகிற தம்பியிடம் ஊர்ப் படிப்பகத்துத் தோழர்கள் இதைச் சொல்லி அனுப்புங்கள்: புள்ளிக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதே, மலிவும் நேரமும் பாதுகாப்பும் பார்த்து ஏறு, கிடைத்த புள்ளியை இருக்கும்போதே செலவிடு, ரத்தானால் விதியைக் காட்டிப் பணத்தைக் கேள்.

பெரியாறு அணையின் சுவரிலே அடிக்கணக்கு எழுதியிருப்பது, விவசாயி தண்ணீரை நம்புவதற்காக. அந்தக் கணக்கைத் திரைபோட்டு மறைத்துவிட்டு, “எங்கள்மேல் விசுவாசமாக இரு” என்று கேட்கிறவன் எவனாயிருந்தாலும், மதகுச் சாவியை அவன் கையில் விட்டுவைக்கலாகாது.